கல் கிடந்த இடம்

என் மேசையின் மீது இருபது ஆண்டுகளாக ஒரு கல் இருந்தது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, பழுப்பேறிய குவார்ட்சைட், ஒரு முனை கூர்ந்தும் மறுமுனை உருண்டும், இரு முகங்களிலும் செதில் பெயர்த்த வடுக்களோடு நீர்த்துளியின் வடிவில் இருக்கும். 2003ஆம் ஆண்டு, முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்தபோது, நண்பர்களோடு கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஒரு நாள் சுற்றித் திரிந்தேன். ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பழங்கற்காலக் கைக்கோடரி என்று பின்னர் விவரமறிந்தவர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து விடைத்தாள்கள் காற்றில் பறக்காமல் காத்துவந்தது அதுதான். சில வேளைகளில் வகுப்புக்கும் கொண்டுபோவேன். "நம் முன்னோர் கையில் பிடித்த கருவி" என்று மாணவர் கையில் கொடுத்து, அவர்கள் வியப்பதைக் கண்டு மகிழ்வேன்.

அவ்வாறு வியந்தவர்களுள் ஒருத்தி தமிழில் இளங்கலை முடித்துத் தொல்லியலில் முதுகலை படித்தாள். பிறகு தனியார் நிறுவனம் ஒன்றில் இரண்டாண்டு வேலை பார்த்தாள். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டு என்னிடம் வந்தாள். கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரிக்கரையில், ஆதி மனிதரின் தோற்றத்தை ஆராயும் களப்பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர விண்ணப்பிக்கிறேன் என்றாள். சில வாரங்கள் கூடாரத்தில் தங்க வேண்டும். பகலெல்லாம் வெயிலில் வேலை. கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடியாகும் என்ற நம்பிக்கை இருந்தது. மீதிக்குச் சேமிப்பு; அதுவும் போதாமல் அம்மாவின் வளையல்கள்.

ஆசிரியர் அறையில் இருந்த நண்பர் ஒருவர், "கண்காணாத தேசத்தில் போய் மண் சலிக்கவா இவ்வளவு செலவு? இந்தப் பணத்தில் பி.எட். முடித்துவிடலாமே, அம்மா" என்றார். அவர் கேட்டதில் தவறு காண முடியவில்லை. நானும் உள்ளுக்குள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். முழு மனத்தோடு எழுதினேன் என்று சொல்ல மாட்டேன்.

போய்த் திரும்பியவள் ஒரு நாள் மாலை என்னைப் பார்க்க வந்தாள். பேசிக்கொண்டே மேசைமீதிருந்த கல்லைக் கையில் எடுத்தாள். இம்முறை அவள் வியக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, இது எங்கே கிடந்தது?"

"கொசஸ்தலையாற்றுப் பக்கம்."

"எந்த ஓடை ஐயா? கரையின் மேற்புறமா, அடிப்புறமா? மண்ணில் பதிந்திருந்ததா, சரளையோடு உருண்டு வந்து கிடந்ததா? பக்கத்தில் வேறு செதில்கள் இருந்தனவா?"

எனக்கு ஒன்றும் நினைவில்லை. அன்று சாப்பிட்ட புளிசாதம் நினைவிருக்கிறது. உடன் வந்தவர்கள் பாடிய பாட்டு நினைவிருக்கிறது. கல் கிடந்த இடம் நினைவில்லை. "அப்படியென்றால் இது…" என்று தொடங்கியவள், ஆசிரியர் என்ற மரியாதை தடுத்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கல்லைப் பழையபடி விடைத்தாள்களின் மேல் வைத்தாள்.

அவள் முடிக்காத அந்த வாக்கியம் அன்றிலிருந்து என்னைத் தொந்தரவு செய்துவருகிறது. அதனோடு சேர்ந்து, அத்தகைய பயிற்சிக்கு ஒருவர் செல்லத்தான் வேண்டுமா, சென்றால் எதற்காகச் செல்ல வேண்டும் என்ற கேள்விகளும் எழுந்தன. எனக்குத் தோன்றியவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். துர்கானா ஏரி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுடையது. 1975 வரை ருடால்ஃப் ஏரி என்று வழங்கப்பட்டது. சுற்றிலும் வறண்ட பூமி. காற்று ஓயாது வீசும் இடம். பல லட்சம் ஆண்டுகளாக ஆறுகளும் ஏரியும் அங்கே வண்டலைப் படுகை படுகையாகக் கொண்டுவந்து நிரப்பின. இடையிடையே எரிமலைகள் வெடித்தபோது சாம்பலும் வந்து படிந்தது. பின்னர் நில அசைவுகள் அப்படுகைகளை மேலெழுப்பின. மழைநீர் அவற்றை அரித்து ஓடைகளாகப் பிளந்தது. புதைந்த எலும்பும் கல்லும் ஓடைச் சரிவுகளில் தலைகாட்டின. ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள கூபி ஃபோராவில் ரிச்சர்ட் லீக்கி 1968இல் ஆய்வைத் தொடங்கினார். இன்று அவ்வேரியின் இரு கரைகளிலும் மாணவர்களுக்கான களப்பயிற்சிகள் நடைபெறுகின்றன. மேற்குக் கரையில் லோமெக்வி என்னுமிடத்தில் 33 லட்சம் ஆண்டுப் பழமையான கல்லாயுதங்கள் கிடைத்த செய்தி 2015இல் வெளியாயிற்று. அறியப்பட்ட கல்லாயுதங்களில் மிகப் பழையவை அவையே.

அங்கே சாம்பல்தான் நாட்காட்டி. எரிமலைச் சாம்பலில் உள்ள சில படிகங்களில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதி கதிரியக்கத்தால் மாறாத வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறிவருகிறது. எரிமலையின் வெப்பத்தில் பழைய ஆர்கான் வெளியேறிவிடுவதால், கடிகாரம் வெடிப்பு நிகழ்ந்த நாளில் சுழியத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. படிகத்தில் எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் சாம்பலின் வயது தெரியும். எலும்பின் வயது அதிலிருந்து நேராகத் தெரியாது. எலும்பு எந்தச் சாம்பலுக்கு மேலே, எந்தச் சாம்பலுக்குக் கீழே கிடந்தது என்று தெரிந்தால் மட்டுமே அதன் வயதைச் சொல்ல இயலும். ஆகவே இடம் போயிற்றென்றால் காலமும் போயிற்று.

இனி அப்பயிற்சியில் என்ன செய்கிறார்கள் என்பது. என் மாணவி சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். விடியுமுன் எழுந்து வெயில் ஏறுவதற்குள் நடக்கத் தொடங்க வேண்டும். ஓடைச் சரிவுகளில் வரிசையாக, ஒருவருக்கொருவர் சில அடி இடைவெளி விட்டு, தரையைப் பார்த்தபடி மெல்ல நடக்க வேண்டும். முதல் வாரம் அவள் கண்ணுக்கு எல்லாம் கல்லாகவே தெரிந்தனவாம். பிறகு ஆமையோடும் நீர்யானைப் பல்லும் முதலையின் எலும்பும் வேறுவேறாகப் பிரிந்து தெரியத் தொடங்கின. கண்டதும் எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சிறு கொடியை நட்டுவிட்டு அழைக்க வேண்டும். நில அளவைக் கருவியால் இடத்தைக் குறித்து, வடதிசை காட்டும் அம்புக்குறியோடு படமெடுத்து, எந்தப் படுகை, எந்தத் திசை நோக்கிச் சாய்ந்திருந்தது என்றெல்லாம் எழுதிய பிறகே தொட வேண்டும்.

அகழ்குழியில் வேலை இன்னும் நுணுக்கம். ஒரு மீட்டர் சதுரத்தில் உட்கார்ந்து கரணையாலும் தூரிகையாலும் சில சென்டிமீட்டர் மண்ணை நீக்க ஒரு நாள் போகும். நீக்கிய மண் அனைத்தும் சல்லடைக்கு வரும். சலித்ததில் பெரும்பாலும் ஒன்றும் இராது. ஒன்றுமில்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். "ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை என்று எழுதினேன் ஐயா. பத்தாம் நாள் விரல்நகம் அளவு ஒரு செதில் வந்தது. அழுகை வந்துவிட்டது" என்றாள்.

மாலையில் கல் உடைக்கும் பாடம். ஒரு கையில் கருக்கல், மறுகையில் அடிகல். விளிம்பின் கோணம் செங்கோணத்துக்குக் குறைவாக இருக்குமாறு பார்த்து, உரிய இடத்தில் உரிய விசையோடு அடித்தால் கத்திபோன்ற செதில் பெயர்ந்து விழும். பார்ப்பதற்கு எளிது. அவள் முதல் செதிலைப் பெயர்க்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் இரு விரல்களில் காயம். பிறகு அவர்கள் தாங்களே உடைத்த செதில்களைக்கொண்டு ஓர் ஆட்டை அறுத்துக் கூறுபோட்டார்கள். எலும்பில் விழுந்த கீறல்களை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். கல் கீறியதும், விலங்கின் பல் பதிந்ததும், மற்ற விலங்குகளின் குளம்பு மிதித்ததும் எவ்வாறு வேறுபடும் என்று அறிந்துகொள்வதற்காக. அறிவில் குறைந்தவன், விலங்கோடு விலங்காகத் திரிந்தவன் என்று ஆதி மனிதனைப் பற்றி நாம் பேசுவது எவ்வளவு பொறுப்பற்றது என்பதை அந்த மூன்று நாளும் இரண்டு விரலும் அவளுக்குக் கற்பித்தன. அதை நூலகத்தில் கற்றிருக்க முடியாது என்று நானும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எனினும், கண்டெடுப்பதைவிடக் குறித்துவைப்பது ஏன் பெரிது? கூபி ஃபோராவின் வரலாற்றிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1969இல் கே பெரன்ஸ்மயர் என்ற இளம் புவியியலாளர் அங்கே ஒரு சாம்பற் படுகையில் கல்லாயுதங்களைக் கண்டார். அவ்விடம் அவர் பெயராலும், அச்சாம்பல் அவ்விடத்தின் பெயராலும் கேபிஎஸ் சாம்பல் எனப்பட்டது. அதன் வயது 26 லட்சம் ஆண்டுகள் என்று முதலில் கணக்கிட்டார்கள். 1972இல் பெர்னார்ட் இங்கெனியோ என்ற கென்யர் அச்சாம்பலுக்குக் கீழுள்ள படுகையில் ஒரு மண்டையோட்டின் சிதறல்களைக் கண்டார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளை மீவ் லீக்கியும் உடனிருந்தோரும் பொருத்தினார்கள். பெரிய மூளை, தட்டையான முகம். சாம்பலே 26 லட்சம் என்றால் அதற்கும் கீழே கிடந்த மண்டையோடு அதைவிடப் பழையதாக இருக்க வேண்டும். அவ்வளவு தொன்மையில் அவ்வளவு பெரிய மூளை! உலகம் வியந்தது.

மறுப்பு பன்றியிடமிருந்து வந்தது. ஏரிக்கு வடக்கே, எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் படுகையிலும் பழைய பன்றிகளின் எச்சங்கள் கிடைத்திருந்தன. அப்பன்றிகளின் கடைவாய்ப் பற்கள் காலப்போக்கில் நீண்டுவந்திருந்தன. கூபி ஃபோராவில் கேபிஎஸ் சாம்பலின் கீழே கிடைத்த பன்றிப் பற்கள், ஓமோவில் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுப் படுகைகளில் கிடைத்தவற்றை ஒத்திருந்தன என்றார் பாசில் குக் என்னும் அறிஞர். பன்றி பொய் சொல்லுமா, சாம்பல் பொய் சொல்லுமா என்று 1970கள் முழுவதும் வழக்கு நடந்தது. சாம்பலைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் முடிவு தெளிந்தது: சாம்பலின் வயது ஏறத்தாழ 19 லட்சம். மண்டையோடு சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு உரியது. பன்றி வென்றது.

இதில் நான் காண்பது ஒன்றுண்டு. கணக்கு தவறியது, பெரியவர்கள் தவறினார்கள், ஆயினும் திருத்த முடிந்தது. மண்டையோடும் பன்றிப் பற்களும் எந்தப் படுகையில் கிடந்தன என்று எழுதி வைக்கப்பட்டிருந்ததால் திருத்த முடிந்தது. சாம்பலின் வயது மாறியபோது அதைச் சார்ந்த எல்லாவற்றின் வயதும் தாமே மாறிக்கொண்டன. என் மேசைக் கல்லுக்கு அந்த நற்பேறு இல்லை. அதைப் பற்றி நான் சொன்னது தவறென்றாலும் திருத்த வழியில்லை. சரியென்றாலும் மெய்ப்பிக்க வழியில்லை. மாணவி முடிக்காமல் விட்ட வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தெந்த ஊரில் யார் யாரிடமிருந்து ஏடுகள் கிடைத்தன என்று குறித்துவைத்தார். ஒரு பாடம் எந்த ஏட்டில் இருந்தது என்பது தெரியாவிட்டால் அப்பாடத்தின் மதிப்பை எடைபோட முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த மரபில் வந்த நான் கல்லுக்கு மட்டும் முகவுரை வேண்டாம் என்று எப்படி எண்ணினேன்?

முகவுரையில் இன்னொன்றும் இருக்கும்: தந்தவர் பெயர். துர்கானா ஏரியின் வரலாற்றில் அப்பகுதி அவ்வளவு நேர்மையாக எழுதப்படவில்லை. காமோயா கிமேயு என்ற கென்யர், சில ஆண்டுகளே பள்ளி சென்றவர், லீக்கி குடும்பத்தாரிடம் அகழாய்வுக் கூலியாகச் சேர்ந்தவர். மண்ணின் நிறத்திலேயே கிடக்கும் எலும்புத் துண்டை வேறு பிரித்தறிவதில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். 1984 ஆகஸ்டில், ஏரியின் மேற்கே நரியோகொடோமே என்ற வறண்ட ஆற்றின் அருகே, கருங்கூழாங்கற்களிடையே தீப்பெட்டி அளவுள்ள ஒரு மண்டையோட்டுத் துண்டை அவர் கண்டார். அன்று ஓய்வு நாள். அத்துண்டைத் தொடர்ந்து பல பருவங்கள் மண்ணைத் தோண்டிச் சலித்தபோது, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறுவனின் எலும்புக்கூடு பெரும்பகுதி கிடைத்தது. அவ்வளவு பழையதும் அவ்வளவு முழுமையானதுமான மனித எலும்புக்கூடு அதற்கு முன் கிடைத்ததில்லை. 1985இல் நேச்சர் இதழில் அதை அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்கள் நால்வர். காமோயா அவர்களுள் ஒருவர் அல்லர்.

அவர் முற்றிலும் மறக்கப்பட்டார் என்று சொல்வது நியாயமாகாது. 1985இல் நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டியின் பதக்கத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் கையால் பெற்றார். அழிந்துபோன குரங்கினங்கள் இரண்டு அவர் பெயரைத் தாங்கியுள்ளன. 2021இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 2022இல் மறைந்தார். பதக்கம் வேறு, ஆசிரியர் என்ற இடம் வேறு. கண்டவனுக்குப் பரிசும் எழுதியவனுக்கு அறிவும் என்று பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது.

களப்பயிற்சிப் பள்ளிகளைப் பற்றிய முதன்மையான குறையும் இங்கேதான் பிறக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர் கட்டணம் செலுத்திச் சில வாரம் தங்கி, மதிப்பெண்ணும் அனுபவமும் பெற்றுத் திரும்புகிறார். அங்கே தண்ணீர் சுமந்தவரும், வழிகாட்டியவரும், சமைத்தவரும் அதே வெயிலில் இருந்துகொண்டிருக்கிறார்கள். விமானக் கட்டணத்தையும் சேர்த்தால் செலவு ஒரு கல்லூரி ஆசிரியரின் பல மாத ஊதியம். பணமுள்ளவர் பிள்ளைகளுக்கே மனித குலத்தின் தோற்றம் சொந்தமோ என்று ஒருவர் கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை. என் மாணவிக்கு அங்கே எலும்பைப் பிரித்தறியக் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் உள்ளூர்க்காரர்; பட்டம் ஏதும் பெறாதவர். "அவர் நடப்பதைப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டேன் ஐயா" என்றாள். அவளுடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, கண்டவர் பெயர் என்ற கட்டத்தில், யார் முதலில் கண்டார்களோ அவர்கள் பெயரே இருந்தது. அவரது பெயர் பல பக்கங்களில் வந்தது. குறை தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. தீர்வு அந்தக் கட்டத்தில் தொடங்கலாம் என்கிறேன்.

இடத்தைவிட்டு எடுக்கவே முடியாத சான்று ஒன்றும் அந்த ஏரிக்கரையில் கிடைத்திருக்கிறது. கூபி ஃபோராவில் 2021இல் வெளிப்பட்ட அடிச்சுவடுகளைப் பற்றிய கட்டுரை 2024 நவம்பரில் சயன்ஸ் இதழில் வந்தது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏரியோரச் சேற்றில், இரண்டு வேறு இனத்தார் நடந்திருக்கிறார்கள். ஒருவர் நம் வழியைச் சேர்ந்த ஹோமோ எரெக்டஸ். மற்றவர் வலிய தாடை கொண்ட பராந்திரோபஸ். பின்னவர் இனம் முற்றும் அழிந்துவிட்டது. இருவர் சுவடுகளும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாட்களில், ஒரே சேற்றில் பதிந்தவை. ஒருவரை ஒருவர் கண்டிருக்கக்கூடும். எலும்பு எத்தனை கிடைத்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. அடிச்சுவட்டைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாதது நம் நல்வினை. என்னைப்போன்ற ஒருவன் அவ்வழி போயிருந்தாலும் அது தப்பித்திருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் பிறர் கதையாகப் போய்விடும். 1863 மே மாதம் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டார். இந்தியப் பழங்கற்கால ஆய்வு அங்கிருந்தே தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் உடனுழைத்தோரும் படுகை படுகையாக அகழ்ந்தார்கள். கைக்கோடரிகள் செய்தோர் அங்கே சராசரிக் கணக்கில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரும், மிகக் குறைத்துச் சொன்னாலும் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் வாழ்ந்தார்கள் என்று 2011இல் அறிவித்தார்கள். அங்கே கல் செதுக்கும் முறை மாறி அடுத்த கட்டம் தொடங்கியது ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று 2018இல் அறிவித்தார்கள். துர்கானாவின் சிறுவனும் அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரியும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்.

இச்செய்தி வந்தபோதெல்லாம் நம் மேடைகளில் என்ன பேசப்பட்டது என்பது நண்பர்களுக்குத் தெரியும். தமிழன் 15 லட்சம் ஆண்டு மூத்தவன் என்றார்கள். நானும் வகுப்பில் வேறு சொற்களில் அதைத்தான் சொன்னேன். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை. நம்மை ஒத்த மனிதரின் மிகப் பழைய எச்சங்கள், மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு உரியவை. அப்படியானால் அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செய்தவர் நம் இனத்தவராகவே இருக்க இயலாது. அவர் பேசினாரா, எதைப் பேசினார் என்று கல் சொல்லாது. கீழடி காட்டும் நகர வாழ்வு சில ஆயிரம் ஆண்டு அளவிலானது. அங்கே பானையோட்டில் எழுத்து இருக்கிறது, அதைத் தமிழோடு சேர்த்துப் பேசலாம். கைக்கோடரிக்குத் தாய்மொழி இல்லை.

இப்படிச் சொல்வதால் நமக்கு ஏதும் குறைந்துபோவதாக எனக்குத் தோன்றவில்லை. தம் இனம் இன்னதென்று நாம் அறியாத ஒருவர், நாம் குடிக்கும் ஆற்றின் கரையில் உட்கார்ந்து, மூன்று நாளில் என் மாணவி தட்டுத்தடுமாறிக் கற்ற வேலையை அதைவிடப் பன்மடங்கு திறத்தோடு செய்திருக்கிறார். அவரை முன்னோர் என்று உரிமை கொண்டாடுவதைவிட, அவர் விட்டுச்சென்ற கல்லை விட்டுச்சென்ற இடத்தில் வைத்துப் படிப்பது கூடுதல் மரியாதை என்று நினைக்கிறேன்.

ஆகவே அத்தகைய பயிற்சியில் சேர விரும்பும் இளைஞருக்கு என் கருத்து இது: வாய்ப்பிருந்தால் போங்கள். மண்டையோடு கிடைக்கும் என்று போகாதீர்கள், கிடைக்காது. ஒன்றுமில்லை என்று ஒன்பது நாள் எழுதுவதற்காகப் போங்கள். அவ்வாறு எழுதியவர், பழமையைப் பற்றிப் பிறகு பேசும்போது ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் நம் தமிழ்த் துறைகளுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது. போக முடியாதவர்கள் மிகப் பலர். அவர்களுக்காக நம் கல்லூரிகள் ஏதேனும் செய்ய வேண்டும். உண்மையான இடத்தில் அகழ்வதற்கு அரசின் உரிமம் வேண்டும். அது தொல்லியலாளரின் வேலை. ஆனால் கல்லூரித் தோட்டத்தில் ஒரு மீட்டர் சதுரம் போதும். நான்கு முளை, கயிறு, அளவுகோல், கரணை, சல்லடை, வரைதாள். மொத்தச் செலவு ஓர் ஆண்டுவிழாவின் பொன்னாடைச் செலவுக்குள் அடங்கும்.

என் மாணவியின் துணையோடு இதை எங்கள் துறையில் செய்து பார்த்தோம். கல்லை அதற்கு முன்பே ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அங்கிருந்தவர் பதிவேட்டை விரித்து, கிடைத்த இடம் எது என்று கேட்டார். சொன்னேன். "கொசஸ்தலையாற்றுப் படுகை, சரியான இடம் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டார். கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார். அச்சில் என் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

தோட்டத்துச் சதுரத்தில் முதல் நாள் ஒரு செங்கல் துண்டு, பேனா மூடி ஒன்று, கோழி எலும்பு இரண்டு கிடைத்தன. பேனா மூடியைக் கண்ட மாணவன் அதைச் சட்டென்று எடுக்கப் போனான். பக்கத்திலிருந்த மாணவி அவன் கையைத் தட்டிவிட்டு, "எடுக்காதே. முதலில் எழுது" என்றாள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் என் கையை அப்படித் தட்டிவிட ஒருவரும் இல்லை.